மாமா என்றால் அம்மா

ஜனவரி 8, கிசங்கானி

நாளைக் காலை கிளம்புகிறோம். பழைய ஜீப். பின்னால் இரண்டு டிரம் டீசல், ஐந்து அடிபம்புக்கு வேண்டிய ராடுகள், ஒரு டப்பா நிறையத் தோல் வாஷர், மண்வெட்டி, கோடாலி, அரிசி ஒரு மூட்டை, பருப்புப் பொடி, ஊறுகாய், நான். இந்த வரிசையில்தான் மாமா, என் வீட்டுக்காரர், லிஸ்ட் எழுதியிருந்தார். ஊறுகாய்க்குப் பிறகாவது என் பெயர் இருந்ததே.

பதினாலு வருடமாக இவர் காங்கோவில் போர்வெல் போடுகிறார். திருச்செங்கோட்டுப் பக்கம் இது பெரிய அதிசயமில்லை. தெருவுக்கு ஒருவர் ரிக் வண்டியோடு தேசாந்திரம் போனவர்தான். நான் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. பையன் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான். மாடுகளை ஓரகத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு ஜனவரியும் கம்பெனி ஒரு மாதம் லீவு கொடுக்கிறது. மற்றவர்கள் பொங்கலுக்கு ஊருக்கு ஓடி வருவார்கள். இவர் மட்டும் அந்த லீவில் வடக்கே அறுநூறு கிலோமீட்டர் காட்டுக்குள் போவார், லிகாசா என்ற ஊர் வரைக்கும். ஏன் என்று போனில் கேட்டால், "போட்ட பம்பு ஓடுதான்னு பாக்கோணுமல்ல" என்பார். ஊருக்கு வருவது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்தில்.

கிளம்பும்போது ஓரகத்தி மாட்டுக் கட்டுத்தரையில் வைத்து ஒரு வார்த்தை சொன்னாள். "பம்பு பாக்கவா வருசா வருசம் போவாங்க? அங்க ஒரு குடும்பம் இருக்கும் கோதை. வெள்ளந்தியா இருக்காத."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காடு பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

ஜனவரி 9

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். மாமா வண்டியை ஏற்றி நசுக்கினார்.

முதல் அறுபது கிலோமீட்டர் சாலை. அதற்குப் பிறகு இருப்பதைச் சாலை என்று வரைபடத்தில் போட்டவனுக்கு நல்ல கற்பனை. இரண்டு சைக்கிள் தடம், நடுவில் ஆள் உயரப் புல். மழைக்காலம் முடிந்துவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். காட்டிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சேறு சக்கரத்தில் பாதிக்கு இருந்தது.

ஆனால் மரங்கள். வேம்பும் புளியும் கருவேலமும் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே ஒரு மரத்தின் வேர் மட்டுமே எங்கள் வீட்டுச் சுவர் உயரம். அண்ணாந்து பார்த்தேன், கொப்பு தெரியவில்லை, கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது. ஓரிடத்தில் மூங்கில் இரண்டு பக்கமும் சாய்ந்து கூரை போட்டிருந்தது. இரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே ஓட்டினோம். வெளிச்சம் பச்சையாக இருந்தது, என் கையும் பச்சையாக இருந்தது. பேசத் தோன்றவில்லை. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல நான் பேசாமல் இருந்ததே இல்லை என்று மாமா சொல்லிக் காட்டினார்.

வழியில் மூங்கில் கட்டி மறித்திருந்த இடத்தில் நாலு பேர் காகிதம் பார்த்தார்கள். "மாமா, பாஸ்போர்ட் எந்தப் பையிலீங்க?" என்று நான் கேட்டதுதான் தாமதம், நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கம் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவோம். இங்கே லிங்காலா பாஷையில் மாமா என்றால் அம்மாவாம். வயசுக்கு வந்த எந்தப் பெண்ணையும் மரியாதையாக மாமா என்றுதான் அழைப்பார்களாம். தாடி வைத்த இந்த ஆளை நான் அம்மா அம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். மாமாவும் சேர்ந்து சிரித்தார். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

ஜனவரி 10

இன்று இருபத்திரண்டு கிலோமீட்டர். எழுதக் கை எழவில்லை.

ஜனவரி 11

முதல் ஆறு. காவிரியில் ஆடிப்பெருக்கு பார்த்தவள் என்ற கர்வம் இன்றோடு போயிற்று. அக்கரையில் நிற்கிற மாடு எறும்பாகத் தெரிகிற அகலம். தண்ணீர் சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

கரையில் ஒரு இரும்புப் பாலமாட்டம் படகு. அதில் எஞ்சின் உண்டு, பாட்டரியும் கிடையாது, டீசலும் கிடையாது. இந்தப் பக்கத்து வழக்கமே அப்படித்தானாம். அக்கரை போக வேண்டியவன் தன் வண்டியின் பாட்டரியைக் கழற்றிக் கொடுத்து, தன் டீசலை ஊற்றி, தன் வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மாமா பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். கறுப்பு வயரை முதலில் கழற்று, பிறகு சிவப்பை, மாட்டும்போது சிவப்பு முதலில் என்று வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அக்கரையில் மறுபடி மாட்டி வண்டியை எடுத்தார். ஒரு நாள் முழுக்க இதற்கே போயிற்று. ஒருவர் முகத்திலும் அவசரம் இல்லை.

நடு ஆற்றில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். ஏன் என்று தெரியவில்லை. அந்த அமைதியில் எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பினேன். யாரை நோக்கி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜனவரி 13

முதல் பம்பு. ஊருக்குள் ஜீப் நுழையும்போதே பிள்ளைகள் "பாப்பா சென்னி, பாப்பா சென்னி" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். சென்னியப்பன் இங்கே பாப்பா சென்னி. பாப்பா என்றால் அப்பாவாம். வயசான எந்த ஆம்பளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மாமாதான் இதையும் விளக்கினார். கேட்காமலே விளக்கினார்.

பதினேழு பிள்ளைகள். அதில் பதினாலு வயதுக்குள் எத்தனை என்று பார்த்தேன். பொழுது போகாமல்தான்.

பம்பைப் பிரித்து ராடை ஒவ்வொன்றாக இழுத்தார். வாஷர் தேய்ந்து காகிதமாக இருந்தது. அந்தக் காசுக்குப் பெறாத தோலுக்காக ஊரே மூன்று மாதமாக ஓடைத் தண்ணீரைக் குடித்திருக்கிறது. மாற்றி மாட்டி அடித்தார். பத்து அடிக்குள் வந்துவிட்டது. பெண்கள் பாடினார்கள்.

நாப்பது மீட்டர்தானாம் இந்தப் போர். எங்கள் தோட்டத்தில் மூன்று போர் போட்டிருக்கிறோம், கடைசியில் போட்டது ஆயிரத்து நூறு அடி. மூன்றிலும் புழுதிதான் பறந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுக்கிறவன் தோட்டத்தில் தண்ணியில்லை என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அன்றைக்கு ராத்திரி இவர் சாப்பிடவில்லை. "இங்க தோண்டற பக்கமெல்லாம் வருது கோதை. கேக்காமயே வருது" என்றார். பம்பிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்.

ஜனவரி 14

இரண்டாவது பம்பு. மரக்கட்டைப் பாலங்கள் ஆறு. ஆற்றின் மேல் வெறும் இரண்டு தடி, சக்கரத்துக்கு ஒன்று வீதம். நான் முன்னால் நடந்து கையைக் காட்டுவேன், அவர் என் கையைப் பார்த்து ஓட்டுவார். ஆறாவது பாலத்தில் வலது கை எது இடது கை எது என்று எனக்கே குழம்பிவிட்டது. நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

ஜனவரி 15

பொங்கல். பாதை ஓரத்தில் மூன்று கல் கூட்டி வைத்தேன். கரும்பும் இல்லை, மஞ்சள் கொத்தும் இல்லை. சூரியனும் இலைக்கு நடுவே அங்கங்கே காசு காசாகத்தான் விழுந்தது. பால் பவுடர் பொங்கியபோது நாங்கள் இரண்டு பேர் மட்டும் பொங்கலோ பொங்கல் சொன்னோம். தலைக்கு மேல் இருவாச்சிகள் ஜோடியாகப் பறந்தன. அவற்றின் சிறகுச் சத்தம் ஒரு லாரி மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

சாப்பிட்ட பிறகு ஓடை மணலில் கால் வைத்தேன். மணல் எழுந்து பறந்தது. அத்தனையும் பட்டாம்பூச்சி. மஞ்சளும் நீலமுமாக ஆயிரக்கணக்கில் என்னைச் சுற்றி எழுந்து, முகத்தில் மோதி, மெல்ல மறுபடி உட்கார்ந்தன. நாப்பத்திநாலு வயதில் நான் அந்த மணலில் மூன்று தடவை குறுக்கும் நெடுக்கும் ஓடினேன். இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதை நான் பார்க்காமலே செத்திருப்பேனே.

"உன்னைய முன்னாடியே கூட்டியாந்திருக்கோணும்" என்றார் மாமா. பொங்கலை அவர் இரண்டாவது தடவை வாங்கிக்கொள்ளவில்லை. கை கால் மேலெல்லாம் வலிக்கிறதாம். ஓட்டி ஓட்டி வலிக்காமல் என்ன செய்யும்.

ஜனவரி 16

மூன்றாவதும் நாலாவதும் முடிந்தன. நாலாவது பம்பின் பொறுப்பு ஒனரின் என்ற பெண்ணுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். பம்பின் சாவியைக் கழுத்தில் கட்டியிருக்கிறாள். ஆத்தாள், ஒரு மகள், அவள் மூன்று பேர்தான் வீட்டில். புருஷன் இல்லை.

எங்களைக் கண்டதும் வீட்டுக்குள் போய் ஒரு சட்டையை எடுத்துவந்தாள். துவைத்து, மடித்து, வாழையிலையில் சுற்றி வைத்திருந்தாள். நீலக் கட்டம் போட்டது. திருச்செங்கோடு ரத வீதியில் நான் எடுத்துக் கொடுத்த சட்டை.

போன வருடம் மழையில் நனைந்து காயப்போட்டவர் மறந்துவிட்டு வந்துவிட்டாராம். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் லிங்காலாவில் நெடுநேரம் பேசினார்கள். பம்பைப் பற்றித்தானாம். நல்ல சட்டை, நன்றாகத்தான் துவைத்திருந்தாள். ஒரு பட்டன்கூட விடவில்லை.

மாமாவுக்கு உடம்பு சுடுகிறது.

ஜனவரி 17

காய்ச்சல் அதிகம். லிகாசாவில் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறதாம், அறுபத்தெட்டு கிலோமீட்டர். நான் ஓட்டுகிறேன்.

ஜனவரி 19, லிகாசா

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா இன்னும் கண் திறக்கவில்லை. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டதாம். மருந்து நரம்பில் போகிறது. இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். என்ன பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி காலையில் அவரால் உட்கார முடியவில்லை. பின் சீட்டில் படுக்க வைத்தேன். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன். இந்த ஜீப்பை மட்டும் இவர் ஒரு நாளும் தொட விட்டதில்லை. சாவியை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது, "கோதை, வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் தமிழில் பேசவில்லை.

ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. சேற்றில் இறக்கினேன், வண்டி அச்சு வரை உட்கார்ந்துவிட்டது. இறங்கி மண்வெட்டியால் வெட்டினேன். வெட்ட வெட்டச் சேறு வந்து மூடியது. பின்னால் போய்ப் பார்த்தால் அவர் கண் மேலே செருகியிருந்தது. எனக்கு அப்போது பாஷையும் தெரியவில்லை, திசையும் தெரியவில்லை. அவரைப் பிடித்து உலுக்கி, "மாமா! மாமா! கண்ணத் தொறங்க மாமா!" என்று கத்தினேன். ஒரு தடவை அல்ல, காடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே இருந்தேன்.

வந்தார்கள். முதலில் ஒருத்தி, புதரை விலக்கிக்கொண்டு. அப்புறம் மூன்று பேர். அப்புறம் எண்ணவில்லை. பாதைக்குப் பின்னால் குச்சிக்கிழங்குக் காடு இருந்திருக்கிறது, எங்கள் நாமக்கல் பக்கம் போடுகிற அதே மரவள்ளிக் குச்சிக்கிழங்கு. அங்கே களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் களைக்கொத்தோடு ஓடிவந்தார்கள். ஏதோ ஒரு பெண் அம்மா, அம்மா என்று அலறுகிறாள். அவர்களுக்குக் கேட்டது அதுதான். யாருடைய அம்மா என்று ஒருத்தியும் நின்று யோசிக்கவில்லை. எல்லா அம்மாக்களும் வந்துவிட்டார்கள்.

முப்பது நாப்பது பேர் இருப்பார்கள். சேற்றை அள்ளினார்கள், மூங்கிலை வெட்டிச் சக்கரத்துக்குக் கீழே திணித்தார்கள், பாடிக்கொண்டே தள்ளினார்கள். நான் கியரைப் போட்டேன். ஜீப் அசைந்து, முனகி, மேலே ஏறியது. எனக்குக் கும்பிடக் கை இல்லை, இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன. வாழ்நாளில் எத்தனையோ கோயிலுக்குப் போயிருக்கிறேன். அந்தச் சேற்றில் நின்றவர்களுக்கு முன்னால் வந்த பக்தி எனக்கு எங்கேயும் வந்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒனரினும் இருந்தாள். யாரும் சொல்லாமல் பின் சீட்டில் ஏறி, மாமாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு வழி தெரியாது, அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்.

பிறகு அறுபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு கட்டைப் பாலம். அவள் முன்னால் நடந்து கை காட்டினாள், நான் அவள் கையைப் பார்த்து ஓட்டினேன். கடைசியில் ஆறு, படகு. பாட்டரி கேட்டார்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனர், கறுப்பு முதலில், பிறகு சிவப்பு. டீசலை ஒனரின் ஊற்றினாள். அக்கரையில் சிவப்பு முதலில். வண்டி ஒரே சாவியில் எடுத்தது.

வழி நெடுக மாமா பிதற்றிக்கொண்டு வந்தார், எல்லாம் லிங்காலா. அதில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒனரினின் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பரிவாக. அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசி எத்தனையோ வருடமாகிறது. ஒலியை அப்படியே எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

கொலேலா தே. நாசாலி அவா.

அவள் பதில் சொல்லவில்லை. ஏதோ தாலாட்டு மாதிரிப் பாடிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நான் அழவில்லை. ஓட்டுகிறவள் அழுதால் பாதை தெரியாது.

ஜனவரி 20

கண் திறக்கவில்லை.

ஜனவரி 21

ஒனரின் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். ஆத்தாளும் மகளும் தனியாக இருப்பார்களாம். அறுபத்தெட்டு கிலோமீட்டர், நடந்துதான் போக வேண்டும். என் காட்டன் சேலை ஒன்றைக் கொடுத்தேன், தோளில் போட்டுக்கொண்டாள். போவதற்கு முன்னால் மாமாவின் கட்டிலருகே வந்து நின்றாள். நான் வெளியே போகவில்லை, வேண்டுமென்றேதான் போகவில்லை. அவள் மாமாவைத் தொடவில்லை. என் தலையில் கை வைத்து ஏதோ ஜெபம் சொன்னாள், பிறகு போய்விட்டாள்.

ஓரகத்தி இங்கே இருந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது பொய். பதினெட்டு மணி நேரம் விமானத்தில் அந்த ஒரு பேச்சோடுதான் வந்தேன். பம்புக்குப் பம்பு அதைத்தான் தேடினேன்.

ஜனவரி 22

விடிந்ததும் கண் திறந்தார். முதலில் கேட்டது, "இந்த ஊரு பம்பு ஓடுதா?" என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருப்பதே அந்தப் பம்புதான். அதில்தான் நாலு நாளாக நான் தண்ணீர் அடிக்கிறேன், வாஷர் தேய்ந்து சத்தம் போடுகிறது என்று சொன்னேன். "மாத்தோணும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். பிழைத்துவிட்டார் என்றார் டாக்டர்.

மத்தியானம் நர்ஸ் சிஸ்டர் பெர்னதெத் வராந்தாவுக்கு வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ். மாமா பிழைத்ததே போதும், அந்த வார்த்தை எதுவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு நோட்டைத் திறந்தது. எழுதி வைத்ததை எங்கள் ஊர் ராகத்தில் படித்தேன். கொலேலா தே. நாசாலி அவா.

சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை படித்ததும் அவர் முகம் இளகியது. யார் யாரிடம் சொன்னது என்று கேட்டார். என் புருஷன், காய்ச்சலில், வண்டியில் என்றேன்.

அழாதே, நான் இங்கேதான் இருக்கிறேன். அதுதான் அர்த்தம் என்றார் சிஸ்டர். யார் அழுதது என்றும் கேட்டார்.

நான் நோட்டை மூடினேன். அந்த வண்டியில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் நினைவில்லாமல் கிடந்தார். ஒருத்தி பாடிக்கொண்டு வந்தாள்.

உள்ளே போனேன். மாமா விழித்திருந்தார். கண்ணில் மஞ்சள் இருந்தாலும் பார்வை பழைய பார்வை. பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கையைத் தட்டினார்.

"ஒரே கனா கோதை. வழியெல்லாம் ஆரோ அழுதுட்டே வந்தாங்க. ஆருன்னே தெரியல. சமாதானம் சொல்லிச் சொல்லி என்ற தொண்டையே வறண்டு போச்சு."

"நான்தானுங்க மாமா" என்றேன்.